வாயை நூலாக்கிய மைத்துனன்

மரமும் பாம்பும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையில் ஒரு செங்குத்துப் பாறைக்கு அடியில் தேன்குடியினர் என்றொரு சிறு கூட்டத்தார் வாழ்ந்தார்கள். குடிசைகள் பதினொன்றுதான். பாறையின் நடுநெஞ்சில், கீழிருந்து ஏணி எட்டாத, மேலிருந்து கை எட்டாத உயரத்தில், பெருந்தேனீக்கள் அடை கட்டியிருந்தன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு யாரோ கருந்தோல்களை உலர்த்தியிருப்பது போலத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் அந்தத் தோல்கள் மூச்சு விடும்.

தேன் எடுப்பவன் பாறையின் உச்சியிலிருந்து வடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். மூன்று காட்டுக்கொடிகளைப் புரியாக முறுக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சு இட்ட வடம் அது. அதன் தலைப்பை உச்சியிலுள்ள மரத்தில் கட்டுவார்கள். கட்டின் அருகே ஒருவன் காவல் இருப்பான். அந்தக் காவலன், இறங்குகிறவனின் மனைவியோடு உடன்பிறந்தவனாகவே இருக்க வேண்டும் என்பது தேன்குடியின் முறை. பங்காளி பாறைப் பங்கை நினைத்துக் கை தளரலாம். நண்பன் பழைய கோபத்தை நினைத்துக் கண் அயரலாம். ஆனால் தன்னோடு பிறந்தவளைக் கைம்பெண் ஆக்க ஒருவனும் துணியமாட்டான் என்று முன்னோர் எண்ணினார்கள்.

காவலனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. வடம் இறுகியிருக்கும் வரை அவன் வாய் திறக்கக் கூடாது. உண்ணக் கூடாது, பேசக் கூடாது, எச்சில் துப்பவும் கூடாது. மூச்சின் சூடு தேனீக்களை வரவழைக்கும் என்று சிலர் இதற்குக் காரணம் கூறினார்கள். இறங்கியவனின் உயிர் அந்நேரம் காவலனின் வாய்க்குள்தான் இருக்கிறது, திறந்தால் பறந்துவிடும் என்பதே மூத்தவர்கள் கூறிய காரணம்.

பிறக்கும் குழந்தைக்கும் ஒரு முறை உண்டு. மூன்றாம் நாள் காலையில், தகப்பன் தன் கையால் இறக்கிய தேனைத் தாய்மாமன் முதலில் தொட்டு, குழந்தையின் நாவில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பெயர், அதன் பிறகுதான் பாறையில் பங்கு. அந்தத் தேன் படாத நாக்கைக் குடியில் சேர்ப்பதில்லை. பெற்றவர்கள் அப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட வேண்டும்.

கேத்தன் என்ற இளைஞன் அந்தக் குடியில் இருந்தான். அவன் மனைவி மாதி. அவள் பிறந்த குடியை ஒரு மழைக்காலத்து வெள்ளம் கூரையோடு கொண்டுபோய்விட்டது; எஞ்சியவள் அவள் ஒருத்திதான். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆகவே கேத்தன் ஒருநாளும் பாறையில் இறங்கியதில்லை. மற்றவர்கள் இறக்கும் தேனுக்குக் கூடை சுமந்தும், புகை போட விறகு வெட்டியும் பிழைத்துவந்தான். மாதி கருவுற்று எட்டாம் மாதம் பிறந்தபோது அவன் குடித்தலைவனான பெத்தன் மூப்பனிடம் போனான்.

"மூப்பரே, இந்தப் பூப்பருவத்துல நானும் இறங்கணும்."

"இறங்கேன். கை இருக்கு, கால் இருக்கு. மைத்துனன் இருக்கானா?"

"இல்லைன்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க?"

"தெரிஞ்சதனாலதான் கேக்குறேன். உன் பெண்டாட்டிக்கு ஒரு அண்ணனைப் பெத்துக் குடுக்க என் அம்மாவும் இப்ப உசுரோட இல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேத்தன் சிரிக்கவில்லை. மூப்பனும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நான் வச்ச முறை இல்லைப்பா இது. உனக்காக ஒரு நாள் தளர்த்தினா, நாளைக்கு வடத்தை யார் யாரோ பிடிப்பாங்க. பாறைக்கு அடியில கிடக்கிற எலும்பை எல்லாம் நீ எண்ணிப் பார்த்திருக்கியா?"

மறுநாள் மாதி சுற்றுப்பாதை வழியாகப் பாறையின் உச்சிக்குச் சுள்ளி பொறுக்கப் போனாள். உச்சியின் விளிம்பில் ஒரு காட்டுக் கருவாமரம் நின்றது. அந்த இலவங்கப்பட்டையைக் கிள்ளினால் கை நாள் முழுவதும் மணக்கும். அதன் தாழ்ந்த கிளையொன்றில், கட்டை விரலைவிடப் பருத்த பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அவ்வினத்துப் புழுக்களுக்குச் சிறகு கிடையாது. கூடு கட்டும் வழக்கமும் கிடையாது. முட்டையிலிருந்து வரும், தின்னும், தோல் உரிக்கும், மறுபடியும் தின்னும். காட்டில் அவற்றைப் போலத் தின்பவரும் இல்லை, தின்றுகொண்டே பேசுபவரும் இல்லை. இந்தப் புழுவைப் பச்சையன் என்று அழைத்தார்கள்.

"யாரது கிளையை ஆட்டுறது? சாப்பிடுற நேரம்."

"நீ சாப்பிடாத நேரம் எது?" என்றாள் மாதி.

"தோல் உரிக்கிற நேரம். இதுவரைக்கும் நாலு தடவை பட்டினி கிடந்திருக்கேன். நினைச்சாலே வயிறு கலங்குது."

மாதி சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதன் வால் அழுகையாக முடிந்தது. பச்சையன் இலைநரம்பை வாயில் வைத்தபடியே விசாரித்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "உனக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" என்று கேட்டாள்.

"ஒரே இலையில நூறு முட்டை. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. எல்லாரும் இந்த மரத்துலதான் எங்கேயோ மென்னுக்கிட்டிருக்காங்க."

"அப்ப எனக்கு அண்ணனா இரேன்."

பச்சையனின் தாடை நின்றது. அந்த மரத்தில் மெல்லும் சத்தம் பகற்பொழுதில் நின்றது அதுவே முதல்முறை.

"அண்ணன்னா என்ன செய்யணும்?"

"எங்க வீட்டுக்காரர் இறங்குறப்ப வடத்துக்குக் காவல் இருக்கணும். வாயை மூடிக்கிட்டு."

"எவ்வளவு நேரம்?"

"வெயில் பாறையைத் தொட்டதிலிருந்து உச்சிக்கு வர்ற வரைக்கும்."

பச்சையன் வெயிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு உச்சியைப் பார்த்தான். "அண்ணனா இருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை போலிருக்கே," என்றான். ஆனால் பிறந்தது முதல் அவனிடம் 'போதும் நிறுத்து' என்று சொன்னவர்கள்தான் உண்டு. 'வந்து காப்பாற்று' என்று கேட்டவர் எவரும் இல்லை. அந்தச் சொல் இலையைக் காட்டிலும் கனமாக அவன் வயிற்றில் இறங்கியது. "சரி தங்கச்சி," என்றான்.

ஒரே அடுப்பின் சாம்பலைப் பூசிக்கொண்டவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பது தேன்குடியில் முன்பே இருந்த வழக்கு. மாதி தன் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தன் நெற்றியில் பூசினாள். பச்சையனின் தலை முதல் வால் வரை அள்ளி அள்ளிப் பூசினாள். அவன் முதுகின் முட்கள் எல்லாம் வெண்மாவில் தோய்த்தவை போல ஆயின. பெத்தன் மூப்பன் வந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"இது புழு."

"எங்க அண்ணன்," என்றாள் மாதி. "சாம்பல் பூசினவன் கூடப்பிறந்தவன். அவன் மனுசனா இருக்கணும்னு எந்த மூப்பர் சொல்லியிருக்காரு?"

மூப்பன் தன் அப்பன் சொன்னதையும் பாட்டன் சொன்னதையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தான். எவரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவை வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை. "வாய் மூடியிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

கேத்தன் புது வடம் முறுக்கினான். கொடிகளை இலை நீக்கி, புகையில் வாட்டி, மூன்று புரியாகச் சேர்த்தான். இலை நீக்கும் வேலையில் மாதியும் உட்கார்ந்தாள். வடத்தின் தலைப்புக்கு வந்தபோது அவள் கை நின்றது. அண்ணன் நம் காரியத்துக்காகப் பட்டினி கிடக்கப்போகிறான். உடன்பிறந்தவனை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? வேலை முடிந்ததும் அவன் தின்னட்டும் என்று, ஒரு புரியின் தலைப்பில் அகன்ற இளம் இலை ஒன்றை மட்டும் கிள்ளாமல் விட்டுவைத்தாள். கேத்தனிடமும் சொல்லவில்லை, மூப்பனிடமும் சொல்லவில்லை. தங்கை வைத்த விருந்து அது.

குறித்த நாளின் காலையில் கேத்தன் உச்சிக்கு வந்து வடத்தைக் கருவாமரத்தில் கட்டினான். மூப்பனும் மற்றவர்களும் பாறைக்கு அடியில் கூடைகளோடு காத்திருந்தார்கள். மேலே மைத்துனர்கள் இருவர் மட்டுமே.

"என்ன மச்சான், சாப்பிட்டாச்சா?"

"மூணு கிளை முடிச்சுட்டேன் மாப்பிள்ளை. ஒரு வேளைக்குத் தாங்கும்னு நினைக்கிறேன்."

"நான் கீழே அந்தரத்துல தொங்குறப்ப ஏப்பம் கீப்பம் விட்டுடாதீங்க."

"நீ கீழே பார்க்காம இறங்கு. என் வாயை நான் பார்த்துக்கிறேன்."

கேத்தன் சிரித்துக்கொண்டே புகைப்பந்தத்தை இடுப்பில் செருகினான். மூங்கில் குழாயை முதுகில் கட்டினான். விளிம்பைத் தாண்டி மறைந்தான். வடம் இறுகியது. பச்சையன் வாயை மூடினான்.

கருவாமரத்தின் வேருக்கு அடியில் ஒரு நாகம் குடியிருந்தது. அது உடும்பு என்று சொல்வோரும் உண்டு. ஆனால் இந்தக் கதையின் முடிவில் வரும் பூச்சியின் சிறகை ஒருமுறை கண்டவர் எவரும் நாகம் என்றுதான் சொல்வார். அது தலையை நீட்டி மேலே பார்த்தது.

"இது என்ன கூத்து? மரத்துல சத்தத்தையே காணோம். செத்துக்கித்துப் போயிட்டியா?"

பச்சையன் பேசவில்லை.

"ஓ, மைத்துனன்! முழுக்கச் சாம்பல் பூசிக்கிட்டு! எனக்கு நீ பிறந்த நாளே தெரியும்டா. முதல் கடியா, பிறந்து வந்த முட்டையோட தோட்டையே தின்னவன் நீ. நீ ஒரு வேளை வாயை மூடுவியா? பாரு, தங்கச்சி இலை வேற வச்சிட்டுப் போயிருக்கா. உனக்குத்தானே வச்சிருக்கா? சும்மா மோந்துதான் பாரேன்."

அதுவரை பச்சையன் அந்த இலையைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். அவன் பிறந்தது முதல் கருவா இலை தவிர வேறு எந்த இலையையும் தின்றதில்லை. கொடியின் அந்த இளந்தளிர் வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னியது. வெயில் ஏறியது. வடம் ஒருமுறை அசைந்தது. கேத்தன் அடையை நெருங்கிவிட்டான். தங்கை எனக்காகத்தானே வைத்தாள் என்று பச்சையன் எண்ணினான். ஒரு கடி வாய் திறப்பதாகுமா?

ஒரு கடி கடித்தான். இலையில் முக்கோணமாக ஒரு துளை விழுந்தது. வடம் அசையவில்லை, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் கடி. மூன்றாம் கடி. நான்காம் கடி. மூன்று கடி என்று சொல்வோரும் உண்டு. பின்னால் அவனுக்கு முளைத்த சிறகுகள் நான்காக இருப்பதால் நான்கு என்பதே பொருந்துகிறது. அதன் பிறகு தாடை அவன் சொல்லைக் கேட்கவில்லை. அது அதன் பழைய வழியே, இலையிலிருந்து காம்புக்கும், காம்பிலிருந்து கொடிக்கும் போனது. ஐந்தாம் கடி புரியின்மேல் விழுந்தது.

பட் என்று ஒரு சத்தம். மூன்று புரியில் ஒன்று அறுந்தது. முறுக்கு விட்டுப்போன மற்ற இரண்டும் மெல்லச் சுழன்று பிரியத் தொடங்கின.

நாகம் படத்தைச் சுருக்கிக்கொண்டது. அது கேலி செய்ய வந்ததே தவிரக் கொல்ல வரவில்லை. "கத்து!" என்றது. "கத்துடா, அவனை ஏறி வரச் சொல்லு!"

கத்தினால் கேத்தன் பதறி ஏறுவான். பதறினால் வடம் இன்னும் வேகமாகச் சுழலும். பச்சையன் கத்தவில்லை. அறுந்த புரியின் இரு முனைகளையும் தாடையால் சேர்த்துக் கவ்வினான். ஒரு மனிதனின் எடை முழுவதும் அந்தச் சிறு வாயில் வந்து தொங்கியது. உடல் நாண் போல நீண்டது. அவன் கால்கள் கிளையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின.

அப்போதுதான், எதற்கென்று தெரியாமல் அவன் வயிற்றில் நெடுநாளாகக் கிடந்த பசை ஒன்று வாய்க்கு வந்தது. காற்றுப் பட்டதும் அது நூலாயிற்று. பச்சையன் தலையை எட்டுப் போல வளைத்து வளைத்து, அறுந்த முனைகளைச் சுற்றினான். வடத்தையும் கிளையையும் சேர்த்துச் சுற்றினான். கடித்த இலை குறுக்கே வந்தது. அதையும் இழுத்துச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் நூல் அவன் உதட்டின்மேலும் ஒரு சுற்று விழுந்தது. நிறுத்தினால் வாய் தப்பும்; வடம் தப்பாது. இதை அவன் அறிந்திருந்தான். நூறு சுற்றில் வாய் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் சுற்றில் கண் மறைந்தது. அதன் பிறகும் வடத்தின் அதிர்வை மட்டும் உணர்ந்து, இருட்டில் இருந்தபடி சுற்றினான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கேத்தன் விளிம்பைப் பிடித்து ஏறி வந்தான். முதுகில் குழாய் நிறையத் தேன். முகமெல்லாம் வீக்கம், வாயெல்லாம் சிரிப்பு.

"மச்சான்! இப்ப வாயைத் திறக்கலாம்!"

கருவாமரத்தின் கிளையிலிருந்து, பழுப்பும் வெள்ளியுமாக மின்னும் ஒரு கட்டு தொங்கியது. இலைக்குள் சுருட்டிய கட்டு. அதன் காம்பு நூலாலேயே கிளையைச் சுற்றி இறுகியிருந்தது. கேத்தன் வடத்தைத் தடவினான். அறுந்த புரியைக் கண்டான். நூலைக் கண்டான். இலையில் நான்கு முக்கோணத் துளைகளைக் கண்டான். அறுத்தவனும் கட்டியவனும் ஒருவனே என்பது விளங்கியதும் அவன் அந்தக் கட்டின் முன்னால் மண்டியிட்டான். வடத்தை மேலும் கீழும் வெட்டி விலக்கினான். கட்டை அவன் தொடவில்லை; அது கிளையிலேயே தொங்கியது.

பெத்தன் மூப்பன் மேலே வந்து பார்த்தான். துளைகளைப் பார்த்தான்.

"வாய் திறந்திருக்கான்."

"காப்பாத்தியிருக்கான், மூப்பரே!"

"ரெண்டும் உண்மைதான். ஆனா காவலன் வாய் திறந்த தேன் குழந்தை நாக்குக்கு ஆகாது." மூப்பனின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "தேன் குழாயை மூடி முத்திரை வை. குழந்தை பிறந்த மூணாம் நாள் உன் மைத்துனன் வரட்டும். வந்து, 'என் வாய் மூடியே இருந்துச்சு'ன்னு அவன் வாயாலேயே சொல்லட்டும். அப்ப ஒத்துக்கிறேன்."

மூடிய வாய் எப்படிப் பேசும் என்று மூப்பன் சொன்னதில் இருந்த முடிச்சைக் கேத்தன் கவனித்தான். ஆனால் செத்தவன் எப்படி வருவான் என்பதுதான் அவனுக்கு அதைவிடப் பெரிய முடிச்சாக இருந்தது.

நாட்கள் சென்றன. எறும்பு வந்தால் நாகம் சீறி விரட்டியது. மரங்கொத்தி வந்தால் படமெடுத்து நின்றது. பொந்துக்குள் அது போகவே இல்லை. தன் நாவால் கெட்டதைத் தன் முகத்தால் காத்துக்கொண்டு, கிளைக்கடியில் கிடந்தது. உள்ளே பச்சையனுக்குப் பகலும் இல்லை, பசியும் இல்லை. மாப்பிள்ளை ஏறி வந்தானா என்பது ஒன்றே அவனிடம் எஞ்சிய கேள்வி. கேட்க வாய் இல்லை. ஆகவே அவன் காத்துக் கிடந்தான். நூற்காம்பின் வழியே வரும் ஒவ்வோர் அதிர்வையும் பிடிப்பதற்காக அவன் நெற்றியில் உணர்கொம்புகளாக இரண்டு பெரணி இலைகள் முளைத்தன. கடித்த துளைகள் நான்கின் வழியாக வெளிச்சம் இறங்கி, அவன் உடலில் நான்கு இடங்களில் விடாமல் விழுந்தது. மற்ற இடமெல்லாம் கருவாப்பட்டையின் செம்பழுப்பு ஏறியது. புகையும் தேனும் கலந்த கோடுகள் படிந்தன. அந்த நான்கு இடங்களில் மட்டும் நிறம் ஏறவே இல்லை.

இருபத்தாறாம் நாள் மாதிக்குக் குழந்தை பிறந்தது. பெண். மூன்றாம் நாள் விடியலில் தேன்குடி முழுவதும் அவள் குடிசைக்கு முன்னால் கூடியது. முத்திரையிட்ட குழாய் நடுவில் இருந்தது. மூலையில் மாதி கட்டி வைத்த துணிமூட்டையும் இருந்தது. போக நேர்ந்தால் உடனே கிளம்புவதற்கு. கேத்தன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உச்சிக்கு ஓடினான்.

"மச்சான்—"

"மெதுவாப் பேசு," என்றது நாகம். "அசையுறான்."

கட்டின் மேல்வாய் நனைந்திருந்தது. உள்ளிருந்து ஏதோ ஒன்று நூலை அறுக்காமல், விலக்கிக்கொண்டு வந்தது. முதலில் இரண்டு பெரணி இலைகள். பிறகு ஈரமான ஓர் உடல். அதன் முதுகில் கசக்கிய துணி போல ஏதோ நான்கு. அது கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. வெயில் மெல்ல ஏற, அந்தத் துணிகள் பிரிந்தன, விரிந்தன, விரிந்துகொண்டே இருந்தன. கேத்தன் தன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்து வைத்திருந்தால் அவையும் அதற்குள் அடங்கியிருக்கும். அந்தக் காட்டில் அதுவரை எவரும் கண்டிராத சிறகு அது.

நாகம் கிளைமேல் ஏறியது. "இனி 'யாரது?'ன்னு அதட்டக்கூட இவனுக்கு வாய் கிடையாது. என் முகத்தையாவது வச்சுக்கட்டும்," என்று சொல்லி, ஈரம் உலராத மேற்சிறகுகளின் இரு நுனியிலும் தன் தலையை ஒற்றியெடுத்தது. கண்ணும் வாயுமாக இரண்டு நாகமுகங்கள் அங்கே பதிந்தன.

குடிசை வாசலில் வெயில் விழுந்தபோது, கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு நிழல் வந்தது. பறவையைப் போல விரைவாக அல்ல. காற்றில் நழுவும் பெரிய இலையைப் போல வந்தது. வந்து, தேன்குழாயின்மேல் அமர்ந்து, சிறகை அகல விரித்தது.

பெத்தன் மூப்பன் குனிந்தான். வாயைப் பார்ப்பதற்காகவே குனிந்தான். பெரணிகளுக்குக் கீழே, தாடை இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. மெல்லிய மயிர் மூடிய வெறும் மழமழப்பு. அவன் விரலால் தொடப்போய், தொடாமல் நிமிர்ந்தான்.

மாதி அழுதபடி சொன்னாள்: "மூப்பரே, அந்த இலையை விட்டுவச்சது நான். பட்டினி கிடப்பானேன்னு வச்சேன். குத்தம் என்னுது."

மூப்பன், "வாய் திறக்கலைன்னு சொல்ல ஒரு வாயைக் கேட்டேன்," என்றான். "அந்த வாயைத்தான் அவன் வடமாக் கட்டிட்டு வந்திருக்கான். இதுக்கு மேலேயும் நான் கேட்டா, ஒட்ட வேண்டியது என் வாயைத்தான். குழாயைத் திறங்க."

கேத்தன் முத்திரையை உடைத்தான். மாமன் தன் முன்னங்காலைத் தேனில் நனைத்தான். வாசம் அவன் நெற்றிப் பெரணிகளைச் சிலிர்க்க வைத்தது. காட்டிலேயே பெரிய தீனிக்காரன் ஒரு துளியும் சுவைக்காமல், நனைந்த காலைக் குழந்தையின் நாவில் வைத்தான். குழந்தை சப்புக்கொட்டியது. கூட்டத்தில் யாரோ விம்மியது கேட்டது. சிறகு குழந்தையின் முகத்துக்கு முன்னால் விரிந்திருந்தது. ஆனாலும் மாதிக்குக் குழந்தையின் முகம் தெரிந்தது. நிறம் ஏறாத முக்கோணம் ஒன்றின் வழியே, மெழுகுத்தாள் வழியே தெரிவது போலத் தெரிந்தது. அவள் விட்டுவைத்த இலையில் அவன் கடித்த துளை அது.

குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் என்பதில் கதை சொல்வோர் ஒத்துப்போவதில்லை.

மாமன் ஏழு நாள் இருந்தான். தேன் வைத்தார்கள், பழம் வைத்தார்கள், கருவாத் தளிர் வைத்தார்கள். அவன் எதன் பக்கமும் திரும்பவில்லை. மரத்தில் தின்றதெல்லாம் உள்ளே எரிந்து, உடல் நாளுக்கு நாள் இலேசாகியது. எட்டாம் நாள் காலை, கருவாமரத்தின் அடியில் சிறகு மட்டும் விரிந்து கிடந்தது. நாகம் அதைச் சுற்றிக் காவல் இருந்தது. மேலே, அவனோடு ஒரே இலையில் பிறந்த புழுக்கள் தாடையை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தான் தின்றுகொண்டிருந்த இலையை மெல்ல மடித்து, அதன் காம்பைக் கிளையோடு கட்டத் தொடங்கியது.

அன்று தொட்டுத்தான் அந்தப் பெரும்பட்டுப்பூச்சியின் புழு உடலெல்லாம் வெண்சாம்பல் பூசித் திரிகிறது. விழ இருக்கும் ஒருவனைத் தாங்குவது போலத் தன் கூட்டை நூலால் கிளையோடு இறுகக் கட்டுகிறது. சிறகு நுனியில் நாகத்தின் முகத்தோடும், நடுவே நிறமற்ற நான்கு சாளரங்களோடும் வெளியே வருகிறது. வாயில்லாமல், உண்ணாமல், ஒரு வாரம் மட்டுமே வாழ்ந்து போகிறது. அதன் வடம் இன்னும் இறுகியே இருக்கிறது.